58 ஆண்டு காத்திருந்த கணக்கு

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ், அதற்கடுத்து பூமலை. மூன்றே நிறுத்தங்கள். அங்கே இறங்கிப் புக்கிட் தீமா சாலையோரம் நடந்தால், புல்வெளியைச் சுற்றி நீண்ட தாழ்வாரங்களுடன் பழைய கட்டடங்கள் சில நிற்கும். 1929-ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் கல்லூரியின் கட்டடங்கள் அவை.

அதே 1929-ல், உலகின் மறுகோடியில், 26 வயது இளைஞர் ஒருவர் ஒரு கணக்கைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை எழுதி வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் கப்பலேறி வந்து இந்தக் கட்டடங்களில்தான் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய கணக்குக்கு விடை கிடைத்தபோது அவருக்கு வயது 84. விடையை நோக்கிய முக்கியமான திருப்பம் சென்னையில் படித்து வளர்ந்த ஒருவரிடமிருந்து வந்தது.

அந்த இளைஞர் பெயர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம். திரைப்படத்தில் பார்த்த அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் வேறு, இவர் வேறு. இணையத்தில் தேடும்போது கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இல்லையென்றால் முழுக்க முழுக்க இயற்பியல்தான் வந்து நிற்கும்.

ஓப்பன்ஹைம் 1903 பிப்ரவரி 4-ல் இங்கிலாந்தின் சால்ஃபர்டு நகரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டில் படித்தார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த பேராசிரியர் ஹார்டி அப்போது ஆக்ஸ்ஃபர்டுக்கு மாறியிருந்தார். எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது நல்ல காலம். ஓப்பன்ஹைமின் தொடக்கக் கட்டுரைகளில் ஒன்றின் பொருள் உங்களுக்கும் புரியும். 12 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பெருக்கல்களாக எழுதலாம்? 12, 2×6, 3×4, 2×2×3 என்று நான்கு விதம். 24-க்கு ஏழு விதம் வரும். எண் பெரிதாகப் பெரிதாக இந்த எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்று அவர் ஆராய்ந்தார்.

பிறகு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். வழிகாட்டி லியனார்ட் டிக்சன். ராமானுஜன் 1917-ல், நான்கு வர்க்கங்களைத் தக்க பெருக்கெண்களோடு கூட்டி எல்லா நேர் முழு எண்களையும் உண்டாக்கும் வழிகள் 55 என்று ஒரு பட்டியல் தந்திருந்தார். அதில் ஒன்று தவறு. க² + 2ச² + 5ட² + 5ப² என்ற அந்தக் கோவையில் முழு எண்களை எப்படிப் போட்டாலும் 15 மட்டும் வராது. 1927-ல் அதைச் சுட்டிக்காட்டியவர் இந்த டிக்சன்தான். சந்தேகம் இருந்தால் நீங்களே முயன்று பாருங்கள்; பத்து நிமிடம் போதும். ராமானுஜனும் சறுக்கிய இடம் ஒன்று உண்டு என்று தெரிவது எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

இப்படி வர்க்கங்களைக் கூட்டியும் கழித்தும் அமைப்பதை இருபடிக் கோவை என்பார்கள். ராமானுஜனின் பட்டியலில் கூட்டல் மட்டுமே உண்டு. ஓப்பன்ஹைம் கழித்தல் குறியும் கலந்த கோவைகளை எடுத்துக்கொண்டார். அங்கேதான் கணக்கு சுவையாகிறது.

கால்குலேட்டரை எடுங்கள். கோவை இது: க² + ச² − √2ப². மூன்றுக்கும் முழு எண்களைப் போட வேண்டும். மூன்றும் ஒருசேரப் பூச்சியமாக இருக்கக் கூடாது. விடையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். சரியாகப் பூச்சியமே வருமா? வராது. √2 விகிதமுறா எண். அதை ஒரு வர்க்க எண்ணால் பெருக்கினால் முழு எண் கிடைக்காது. ஆனால் நெருங்கலாம். க=1, ச=0, ப=1 போட்டால் −0.41. க=2, ச=3, ப=3 என்றால் 0.27. க=14, ச=9, ப=14 என்றால் −0.19. க=19, ச=1, ப=16 என்றால் −0.04. நன்றாக நெருங்குகிறது அல்லவா? இனி கொஞ்சம் பொறுமை வேண்டும். ப-வை 100 வரை ஏற்றிக்கொண்டே போனாலும் இதைவிட நெருக்கமானது அகப்படாது. விட்டுவிடாமல் போனால் 152-ல் ஒன்று மாட்டும்: க=155, ச=93, ப=152. விடை 0.01-ஐவிடச் சற்றுக் குறைவு.

இப்படி நெருங்குவதற்கு எல்லை உண்டா? 0.001? 0.000001? ஒரு கட்டத்தில் இதற்குமேல் நெருங்க முடியாது என்று சுவர் ஏதாவது எழும்புமா?

சில கோவைகளில் சுவர் நிச்சயம் இருக்கிறது. க² + ச² − 3ப² என்பதில் முழு எண் போட்டால் முழு எண்தான் வரும். பூச்சியத்துக்கும் 1-க்கும் நடுவே எதுவும் வராது. இந்தக் கோவை முழுவதையும் √2-ஆல் பெருக்கிவிட்டாலும் நிலைமை மாறாது. சுவர் சற்றுத் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். எனவே முழு எண் கோவைகளையும் அவற்றின் மடங்குகளையும் ஒதுக்கிவிட வேண்டும். மற்றவற்றில்? ஐந்தோ அதற்கு மேலோ மாறிகள் இருந்து, கூட்டலும் கழித்தலும் கலந்திருந்தால் சுவரே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம் என்று ஓப்பன்ஹைம் 1929-ல் ஊகித்தார். நிறுவ அவரால் முடியவில்லை. கணிதத்தில் நிறுவாத கூற்றுக்கு ஊகம் என்றுதான் பெயர், அது எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும்.

1931-ல் அவர் சிங்கப்பூருக்கு வந்து ராஃபிள்ஸ் கல்லூரியின் கணிதப் பேராசிரியரானார். அக்காலத்தில் இது ஆராய்ச்சி மையம் அல்ல. புதிய ஆய்விதழ் கப்பலில் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். கல்லூரி சிறியது, மாணவர்களும் குறைவு. 1940-ல் அங்கே சேர்ந்தவர்களில் லீ குவான் இயூவும் ஒருவர். அவர் எடுத்த பாடங்களில் கணிதமும் இருந்தது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஓப்பன்ஹைம் தொண்டூழியப் பீரங்கிப் படையில் லான்ஸ் பாம்பார்டியராக இருந்தார். கல்லூரியில் பேராசிரியர், படையிலோ அடிமட்டப் பதவிகளில் ஒன்று! மற்றப் போர்க் கைதிகளோடு அவரும் சாங்கிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கைதிகளுக்குள்ளேயே ஆசிரியர்களும் பலதுறைப் படிப்பாளிகளும் இருந்தார்கள். தங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்கள் முகாமிலேயே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ஓப்பன்ஹைம் அதன் முதன்மையர். சோறும் மருந்தும் குறைந்துகொண்டே போன முகாமில் பாடவேளை, மாணவர், ஆசிரியர் என்று ஓர் ஒழுங்கு. அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்க வழியில்லை. கைதிகள் கூட்டங்கூட்டமாகச் சயாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓப்பன்ஹைமும் சயாமில் கைதியாக இருந்தார்.

சயாம் என்ற சொல்லைக் கேட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை அது. அதில் 12,000-க்கும் அதிகமான நேச நாட்டுக் கைதிகள் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. மரண ரயில் என்றே நம் மக்கள் அதை அழைத்தார்கள்.

1945-ல் போர் முடிந்தது. ஓப்பன்ஹைம் உயிரோடு திரும்பினார். மறுபடியும் புக்கிட் தீமாவில் அதே வேலை. 1949-ல் ராஃபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் கணிதப் பேராசிரியரானார். 1952-ல் மலாயாக் கணிதச் சங்கம் தோன்றியபோது அதன் தலைவராக இருந்தார். இன்று பள்ளிகளுக்குக் கணித ஒலிம்பியாட் நடத்துகிறதே சிங்கப்பூர்க் கணிதச் சங்கம், அது இந்தச் சங்கத்தின் வழிவந்ததுதான். நீங்கள் அந்தத் தேர்வு எழுதியிருந்தால், அவருக்கும் உங்களுக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு.

பழைய கணக்கை அவர் மறக்கவில்லை. 1953-ல் இருபடிக் கோவைகளைப் பற்றி மறுபடியும் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். 1957-ல் துணைவேந்தர். 1961-ல் சர் பட்டம். அந்த ஆண்டே, முக்கோணத்துக்குள் ஒரு புள்ளியை வைத்து அதிலிருந்து மூலைகளுக்கும் பக்கங்களுக்கும் உள்ள தூரங்களை ஒப்பிடும் ஒரு சமனின்மையைப் பற்றி அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிய இருந்த நேரம் அது. கோப்புகளுக்கு நடுவே எப்போது முக்கோணம் வரைந்தாரோ! 1962-ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் தனியானது. அவர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1965 வரை இருந்தார். பின்னர் இங்கிலாந்தின் ரெடிங், ஆப்பிரிக்காவில் கானா, நைஜீரியாவின் பெனின் என்று 1977 வரை கற்பித்தார்.

இதற்கிடையில் அவருடைய ஊகத்தைப் பலர் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ஹெரால்டு டேவன்போர்ட், ஐந்து மாறிகள் எதற்கு, மூன்று இருந்தாலே போதும் என்றார். ஏன் மூன்று? இரண்டு மாறிகளில் சுவர் எழும்ப முடியும். க² − (3 + 2√2)ச² என்பதை எடுங்கள். க=5, ச=2 என்றால் 1.69; க=12, ச=5 என்றால் −1.71; க=29, ச=12 என்றால் 1.71; க=70, ச=29 என்றால் −1.71. ச பூச்சியமாக இல்லாதவரை விடை 1.6-க்குக் கீழே இறங்கவே இறங்காது. டேவன்போர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் எண்ணியல் கருவிகளையெல்லாம் திரட்டி 1959-க்குள் 21 மாறிகளும் அதற்கு மேலும் உள்ள கோவைகளுக்கு ஊகம் சரி என்று நிறுவினார்கள். வேண்டியதோ 3. கிடைத்ததோ 21. அந்த இடத்தில் கணக்கு பல ஆண்டுகள் அப்படியே நின்றது.

அதை நகர்த்தியவர் எம். எஸ். ரகுநாதன். 1941-ல் அனந்தப்பூரில் தாத்தா வீட்டில் பிறந்தார். குடும்பம் இருந்தது சென்னையில். மயிலாப்பூர்ப் பள்ளியிலும் பின்னர் விவேகானந்தா கல்லூரியிலும் படித்து, 1960-ல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டிய எம். எஸ். நரசிம்மனும் தமிழ்நாட்டுக்காரர். ரகுநாதனின் துறை எண்ணியல் அல்ல. சமச்சீர் நகர்வுகளைப் பற்றியது. ஒருவேளை அதனால்தான் மற்றவர்கள் பார்க்காத பக்கத்திலிருந்து அவரால் பார்க்க முடிந்தது.

அவர் பார்த்ததைச் சிராங்கூன் சாலைக் கடை வாசல்களில் போடும் புள்ளிக் கோலத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். முழு எண்களை வரிசையாக வைத்த புள்ளிகளாக நினையுங்கள். க, ச, ப என மூன்று எண்கள் என்பதால் புள்ளிகள் தரையில் மட்டுமல்ல, மேலும் கீழும் அடுக்கடுக்காக நிற்கின்றன. கோவையின் மதிப்பு பூச்சியமாகும் இடங்கள் சேர்ந்து ஒரு கூம்பு. நுனியைத் தவிர எந்தப் புள்ளியையும் தொடாமல் கூம்பு அவற்றின் ஊடே செல்கிறது. எண்ணியலார் ஒவ்வொரு புள்ளியாகத் தேடி, கூம்பை உரசுவதுபோல் நிற்கும் புள்ளி எது என்று பார்த்தார்கள். ரகுநாதனோ, புள்ளிகளைத் தேடுவதற்குப் பதிலாகப் புள்ளி அணி முழுவதையுமே நகர்த்தலாமே என்றார்.

எப்படியெல்லாம் நகர்த்தலாம்? கூம்பு கலையாமல், கோவையின் மதிப்பு மாறாமல் நகர்த்தும் வழிகள் உண்டு. ஒரு புள்ளியின் மதிப்பு 0.27 என்றால் நகர்ந்த பின்பும் 0.27. ஆனால் அணியின் உருவம் மாறுகிறது: நீள்கிறது, சாய்கிறது. நகர்த்திக்கொண்டே போகும்போது, இருக்கக்கூடிய எல்லா வடிவ அணிகளையும் அது நெருங்கிப் பார்த்துவிடும் என்றால், கூம்பை ஒட்டிப் புள்ளி நிற்கும் அணியையும் ஒருநாள் நெருங்கும். அப்போது மதிப்பு பூச்சியத்தை ஒட்டி இருக்கும். மதிப்பு மாறாது என்பதால், தொடக்கத்திலேயே அப்படி ஒரு புள்ளி இருந்தது என்று பொருள்! எனவே கேள்வி இப்படி மாறிவிட்டது: அந்தப் பயணம் எங்கெல்லாம் போகும்?

பழைய கைப்பேசியில் பாம்பு விளையாட்டு நினைவிருக்கிறதா? பாம்பு வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் வரும். அந்தப் பாம்பு ஒரே சாய்வில் நேராகப் போகிறது என்று வையுங்கள். சாய்வு 2/3 போன்ற பின்னம் என்றால் சில சுற்றுகளில் புறப்பட்ட இடத்துக்கே வந்து அதே தடத்தில் சுற்றும். சாய்வு √2 என்றால் ஒருபோதும் திரும்பாது. திரையின் மூலைமுடுக்கையெல்லாம் நெருங்கிவிடும். இந்த இரண்டைத் தவிர அரைகுறையான, சிதறிய தடம் கிடையாது. அணிகளின் பரப்பிலும், ஒரு குறிப்பிட்ட வகை நகர்வுகளுக்கு, பயணத்தின் தடம் இப்படி ஒழுங்காகத்தான் இருக்கும் என்பது ரகுநாதனின் ஊகம். சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து, மேல் சீட்டுகளை மெல்ல ஒருபக்கம் தள்ளிச் சரிப்பதுபோன்ற நகர்வுகள் அவை. வட்டிக்கு வட்டிபோல் திடீரென்று பெருகாமல் நிதானமாக நகரும். மூன்று மாறிகள் இருந்தால் அத்தகைய சரிவு நகர்வு கிடைக்கும். இரண்டில் கிடைக்காது, அங்கே இழுத்து நீட்டுவது மட்டும்தான். டேவன்போர்ட் சொன்ன மூன்றின் ரகசியம் இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. 1970-களின் நடுப்பகுதியில் எழுந்த இந்த எண்ணத்தை அவருடைய சக ஆய்வாளர் எஸ். ஜி. தானி 1981-ல் தம் கட்டுரையில் அச்சேற்றினார்.

ஆக, ஓர் ஊகத்தை நிறுவ இன்னொரு ஊகம். கணிதத்தில் இது முன்னேற்றம்தானா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், பெரிய முன்னேற்றம். 21-க்குப் பதில் 20 என்று ஒவ்வொன்றாகக் குறைக்கும் வேலை முடிந்து, புதிய வாசல் ஒன்று திறந்தது. அதன் வழியே முதலில் நுழைந்தவர் மாஸ்கோவின் கிரிகோரி மார்குலிஸ். 1978-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றும், சோவியத் அரசு அனுமதிக்காததால் அதை வாங்க ஹெல்சின்கிக்குப் போக முடியாமல் போனவர். மூன்று மாறிகளுக்குத் தேவையான அளவு பயணத்தின் ஒழுங்கை நிறுவி, 1987-ல் ஓப்பன்ஹைமின் ஊகம் சரி என்று அவர் காட்டினார். 58 ஆண்டு. கொஞ்ச காலத்திலேயே, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மரினா ராட்னர் ரகுநாதனின் ஊகத்தை முழுமையாகவே நிறுவிவிட்டார்.

ஓப்பன்ஹைம் 1997 டிசம்பரில் இங்கிலாந்தில் காலமானார். தம் கணக்கு தீர்ந்து பத்து ஆண்டுகள் அவர் வாழ்ந்திருந்தார். மார்குலிஸுக்கு 2020-ல் ஆபெல் பரிசு கிடைத்தது. ரகுநாதன் 2010-ல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த மேடையில் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர் இதே துறையைச் சேர்ந்த இஸ்ரேலியர் எலோன் லிண்டன்ஸ்ட்ராஸ்.

லிண்டன்ஸ்ட்ராஸ் பெயரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மார்குலிஸின் நிறுவல், எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம் என்று உறுதி சொல்கிறது. அதற்கு எவ்வளவு தூரம் தேட வேண்டும் என்று சொல்வதில்லை. நம் கோவையில் 16-க்குப் பிறகு 152 வரை போக வேண்டியிருந்ததே, அதுபோல. மூன்று மாறிகளுக்கு அந்தத் தூரத்துக்கு ஒரு வரம்பை லிண்டன்ஸ்ட்ராஸும் மார்குலிஸும் சேர்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த வரம்பு மிக மிகப் பெரியது. உண்மையில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. எவ்வளவு குறைக்கலாம் என்று ஆராய்ச்சி தொடர்கிறது. உங்கள் கால்குலேட்டரில் க=155, ச=93, ப=152 இன்னும் இருந்தால், ப-வை 153 ஆக்கித் தேடலைத் தொடரலாம்.